மேளம் இல்லாத ஆட்டம்

ஓமலூர்
3 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்னிடம் இல்லை. லீக்கிலிருந்து வந்த விசாரணைக் கமிட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டது. விசாரணை முடியும்வரை யாருடைய போனிலும் பேசக் கூடாது, ஹாஸ்டல் கேட்டைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். கடிதம் போடக் கூடாது என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் எவன் பேனாவைத் தேடப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். மெஸ்ஸில் சமைக்கும் அன்பழகன் அண்ணன் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கோலுக்குப் பின்னால், தெற்கு கேலரியின் முதல் வரிசையில்தான் நீ நின்றாய். ஆனாலும் கமிட்டி எழுதி வைத்திருப்பதை அப்படியே சொல்கிறேன். கடைசி நிமிடம். இரண்டு அணிகளும் சமம். அப்படியே முடிந்திருந்தால் நம் சேர்வராயன் அணி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். பந்து மெதுவாக உருண்டு இடது கம்பத்தை நோக்கி வந்தது. கோல்கீப்பர் குமரகுரு அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே போய்விட்டது. இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

விசில் ஊதியதும் நான் உன்னைத்தான் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமாவின் பின்னால் படியேறிப் போய்விட்டாய். கேலரியில் என்னென்னவோ கத்தினார்கள், எதுவும் எனக்கு உறைக்கவில்லை. நீ போனது உறைத்தது.

அடுத்த சுற்று போய்விட்டாலும் மீதி லீக் ஆட்டங்கள் இருக்கின்றனவே, அதில் அடுத்ததை இங்கே ஹாஸ்டல் டி.வி.யில் பார்த்தேன். கேமரா தெற்கு கேலரிப் பக்கம் திரும்பியபோதெல்லாம் வெறும் நீல நாற்காலிகள்தான். ஜலகண்டாபுரம் வேன்களில் ஒன்றுகூட வரவில்லை போலிருக்கிறது. மேனேஜர் ரமேஷ்குமார் என்னிடமே வந்து, "உங்க ஊர்க்காரங்க ஏனுங்க வரலை?" என்று கேட்கிறார். மார்ச் மாதம் இந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அன்றைக்கும் கேலரி காலியாகக் கிடந்தால் ஓனர் அணியையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவாராம்.

என்னை விடு. அணிக்காகவாவது நீயும் மாமாவும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மறைக்காமல் எழுது.

குமரகுரு

*

ஜலகண்டாபுரம்
7 பிப்ரவரி 2025

குமரா,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். நீ ஆட்டத்தை விற்றுவிட்டாய் என்று பேசிக்கொள்கிறார்கள். போதுமா?

கேலரி ஏன் காலி என்று மேனேஜருக்கு இப்போதுதான் கவலை வந்ததாக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை டி.வி.க்காரனுக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றியது யார்? ஞாயிறு என்றால் ஊரில் ஒரு தறி ஓடாது. ஆணும் பெண்ணுமாக வேன் ஏறுவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு வருவதற்கு யாரால் முடியும்? அப்படியும் வந்தோம். ஆள் மாற்றிவிட்டு வந்தோம், முதலாளியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தோம். வந்தால் கேட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினான். தட்டுவடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, வெளிச் சாப்பாடு கூடாது என்று கூடையில் போட்டான். இந்த சீசனில் மேளத்தையும் நிறுத்தினான். டி.வி.யில் பேசுகிறவனின் குரல் கேட்கவில்லையாம். மாதேஸ்வரன் மேளத்தை வேனிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். பார்க்கவே சகிக்கவில்லை.

அத்தனையும் பொறுத்துக்கொண்டு வந்தது எதற்கு? சேர்வராயனின் சட்டையில் நம் ஊர்ப் பையன் நிற்கிறான், அதற்குத்தான். அவனே பந்து வருகிறதைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால், அப்புறம் எவன் வருவான்?

தறிப்பட்டறை வாசலில் மாமா கட்டியிருந்த அணிக்கொடியை அவரே அவிழ்த்துவிட்டார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பார். டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் 'எம் மச்சினன் எம் மச்சினன்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன், இப்போது வீட்டில் டம்ளரில் டீ ஊற்றிக் குடிக்கிறார்.

அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தவள் நான். உன் கை எப்போது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பந்து உனக்கு ஒரு பந்தா? தூக்கத்தில் எழுப்பி விட்டாலும் உதைத்துத் தள்ளியிருப்பாய்.

அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அதற்குப் பதில் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம். பந்தை ஏன் விட்டாய்?

ஷாலினி

*

ஓமலூர்
11 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நான் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

ஏன் விட்டேன் என்றால், கணிப்பு தப்பிவிட்டது. வெளியே போகும் என்று நினைத்தேன். தொட்டிருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிடைத்திருக்கும், விட்டால் நமக்கு கோல் கிக், ஆட்டமும் முடிந்திருக்கும். கமிட்டியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர்கள் மூன்று பேர். ஒருவர் வக்கீல், ஒருவர் பழைய ஆட்டக்காரர், இன்னொருவர் போலீஸில் பெரிய வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தப் போலீஸ்காரருக்கு என் பதில் பிடிக்கவில்லை. "இத்தனை வருஷம் ஆடினவன் இதுகூடத் தெரியாமலா நின்னே?" என்று திரும்பத் திரும்ப அதே கேள்விதான். விற்றதாக முடிவானால் வாழ்நாள் தடை. எந்த ஊரிலும், எந்த அணிக்கும் ஆட முடியாது. பள்ளிக்கூடப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட விடமாட்டார்கள்.

இதற்கு மேல் நீ கேட்காதே. கேட்டால் எழுதமாட்டேன்.

ஆனால் நான் சொல்கிற சிலவற்றை நீ கேட்க வேண்டும். போன கடிதத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதினேன். அது வேண்டாம். நீ மைதானத்துப் பக்கமே கொஞ்ச நாள் வராதே. கமிட்டியிலிருந்து யாராவது ஊருக்கு வந்து, ஒரு போட்டோவைக் காட்டி இது யார் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடு. மாமாவையும் அப்படியே சொல்லச் சொல். அன்றைக்குக் கட்டியிருந்தாயே ஒரு அரக்குச் சேலை, அதை வெளியே எங்கும் கட்டிக்கொண்டு போகாதே.

ஏன் என்று கேட்காமல் ஒரே ஒரு தடவை நான் சொல்வதைச் செய். விசாரணை 28ஆம் தேதி. அதுவரைக்கும்தான்.

குமரகுரு

*

ஜலகண்டாபுரம்
16 பிப்ரவரி 2025

குமரா,

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. படித்துவிட்டு என் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு எழுந்து போயிருப்பார், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

என்ன எழுதியிருக்கிறாய் நீ? முதல் கடிதத்தில் வா என்கிறாய், அடுத்ததில் வராதே என்கிறாய். போட்டோவைக் காட்டினால் தெரியாது என்று சொல்ல வேண்டுமாம். சேலையை ஒளித்து வைக்க வேண்டுமாம். ஒன்றும் செய்யாதவன் இப்படியா பேசுவான்? ஊர் பேசியபோதுகூட எனக்குள் ஒரு மூலையில், இவன் அப்படிச் செய்திருக்கமாட்டான் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்து அதையும் துடைத்துவிட்டுப் போய்விட்டது.

உங்கள் மேனேஜர் வந்திருந்தார். பெரிய காரில் வந்து, வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்தார். கடைசி ஆட்டத்துக்கு ஊருக்கே பாஸ் தருகிறேன், சட்டை தருகிறேன், வேனும் அனுப்புகிறேன், வந்து உட்கார்ந்தால் மட்டும் போதும் என்றார். மாமா முழுதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"ஏனுங்க மேனேஜரே, ஞாயித்துக்கெழம ஆட்டத்தைத் தூக்கி வெள்ளிக்கெழமையில போட்டீங்க, தறியை நிறுத்திப்போட்டு வந்தமுங்க. மேளத்தைக் கேட்டுல நிறுத்துனீங்க, கம்முனு உள்ள வந்தமுங்க. இப்ப எல்லாம் சும்மா தாரேங்கறீங்க. சும்மா குடுத்தா வந்து ஒக்கார நாங்க என்ன பொம்மைங்களா?"

மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. "கேலரி நெறஞ்ச மாதிரி டி.வி.யில தெரிஞ்சாப் போதுமுங்க" என்று மெதுவாகச் சொன்னார். கேட்டாயா? தெரிந்தால் போதுமாம்.

அவர் போன பிறகு ஒன்று முடிவு செய்தேன். 28ஆம் தேதி நானே கமிட்டி முன்னால் வந்து நிற்கப்போகிறேன். உன்னைக் காப்பாற்ற வருகிறேன் என்று நினைக்காதே. கேலரியில் இருந்தவர்கள் எல்லாம் உன்னோடு கூட்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காக வருகிறேன். உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பந்து உள்ளே திரும்புகிறது என்று. நான் கோலுக்கு நேர் பின்னால் நின்றேன், தரையில் இருந்த ஒரு குழியில் பட்டு அது திரும்பியதைப் பார்த்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். "உடு சாமி, உடு சாமி" என்று எத்தனை தடவை கத்தினேன். ஓங்கி ஒரு உதை உட்டிருக்க வேண்டியதுதானே. அக்கா உதைக்கச் சொல்லிக் கத்துகிறாள், தம்பி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இதை அப்படியே கமிட்டியிடம் சொல்வேன்.

ஷாலினி

*

ஓமலூர்
20 பிப்ரவரி 2025

அக்கா,

இதைத் தபாலில் போட பயமாக இருக்கிறது. அன்பழகன் அண்ணன் நாளைக்கு லீவு போட்டு பஸ் ஏறி வருகிறார், உன் கையிலேயே கொடுப்பார். அவர் முன்னால் படிக்காதே. உட்கார்ந்து படி.

நீ வரக் கூடாது. வந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஏன் என்று கேட்காதே என்று எழுதினால் நீ வந்தே தீருவாய் என்று தெரியும், அதனால் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

நீ கத்தியது எனக்குக் கேட்டது.

கோல் கிக் எடுக்க நான் பந்தை வைக்கும்போதெல்லாம் மாதேஸ்வரன் அண்ணன் மேளத்தை அடிப்பார், கேலரியே சேர்ந்து 'உடு சாமி உடு' என்று கத்தும், கடைசி அடியில் நான் உதைப்பேன். பல வருஷப் பழக்கம். மேளத்தோடு அந்தச் சொல் வந்தால் என் கால் தானாகப் போகும். அன்றைக்கு மேளம் இல்லை. கேலரியும் அந்த நொடியில் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தது. உன் குரல் ஒன்றுதான் வந்தது. நம் வீட்டுச் சந்தில் நான் பந்து ஆடும்போது, பந்து சாக்கடைப் பக்கம் உருண்டால் நான் விழுந்து பிடிக்கப் போவேன். நீ வாசலில் நின்றுகொண்டு, "உடு சாமி, போவட்டும்" என்பாய். அதே குரல், அக்கா. தொடலாமா விடலாமா என்று நான் இரண்டு மனதாக நின்றேன். உன் குரல் கேட்டது. விட்டுவிட்டேன்.

வேறு மாநிலத்துக் கீப்பர் யாராவது நின்றிருந்தால் அந்தச் சொல் அவனுக்கு வெறும் சத்தம். உதைத்துத் தள்ளியிருப்பான்.

கமிட்டியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். டி.வி.க்காரர்களின் வீடியோவில் கோலுக்குப் பின்னால் அரக்குச் சேலை கட்டிய ஒரு பெண் கம்பியில் சாய்ந்து கையை ஆட்டிக் கத்துவது தெரிகிறது. முகம் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண்தான் பந்தயக்காரர்களின் ஆள், அவள் சைகை காட்டியதும் நான் பந்தை விட்டேன் என்று போலீஸ்காரர் நினைக்கிறார். "இவளைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நீ வந்து, நான்தான் அவள், அவனுடைய அக்கா என்று சொன்னால் என்ன எழுதுவார்கள்? அக்காவும் தம்பியும் சேர்ந்து விற்றார்கள் என்று எழுதுவார்கள். என் ஆட்டம் போனால் போகிறது. உன்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதை என்னால் நினைக்க முடியவில்லை. ஊருக்குத் தெரிந்தால், உன் வாயால்தான் அணி போனது என்று காலத்துக்கும் சொல்லுவார்கள். மாமா டீக்கடைக்குப் போகாமல் இருப்பது ஒரு சீசனோடு போகும். இது போகாது.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. வராதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

குமரகுரு

*

ஜலகண்டாபுரம்
2 மார்ச் 2025

குமரா,

போய்விட்டு வந்தேன். உன்னை வேறு அறையில் வைத்திருந்ததாகச் சொன்னார்கள். அங்கே நடந்ததை நான் சொல்கிறேன், மற்றவர்கள் வாயிலிருந்து கேட்காதே.

அரக்குச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். மாமா வந்தார், மாதேஸ்வரன் மேளத்தோடு வந்தான். கமிட்டி உட்கார்ந்த கட்டடத்தின் வாசலிலும் ஒரு செக்யூரிட்டி, மேளம் உள்ளே போகக் கூடாது என்றான். மாதேஸ்வரனுக்கு வந்த கோபத்துக்கு மாமாதான் கையைப் பிடித்து நிறுத்தினார். இல்லாவிட்டால் செக்யூரிட்டிக்கும் சேர்த்து இன்னொரு விசாரணை நடந்திருக்கும்.

உள்ளே போனதும், வீடியோவில் இருப்பது நான்தான், கீப்பரோட அக்கா என்றேன். அந்தப் போலீஸ்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "உங்க தம்பி உங்களைத் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கார்" என்றார். நீ எழுதித்தான் இருந்தாய், எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது வேறு. "அவனைத் தூக்கி வளர்த்தவ நானுங்க. தெரியாதுன்னு அவன் எழுதுனா, என்னைக் காப்பாத்தத்தான் எழுதியிருப்பான்" என்றேன்.

என்ன கத்தினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். வக்கீல் சென்னைக்காரர் போலிருக்கிறது. "உடுன்னா விடுதானே? விடுன்னா, விட்டுடுன்னுதானே அர்த்தம்? அப்போ பந்தை விடச் சொல்லியிருக்கீங்க" என்று மடக்கினார். ஒரு நிமிஷம் நானே விடச் சொல்லித்தான் கத்தினேனோ என்று தோன்றிவிட்டது. உன் தலையெழுத்து என் வாயிலிருந்து வரப்போகும் அடுத்த சொல்லில் இருக்கிறது என்று நினைத்ததும் முன்னாலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் எப்படியோ தைரியம் வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு ஒரு அறை உடட்டுங்களான்னு நான் கேட்டா, ரூமை விட்டுட்டுப் போறேன்னா அர்த்தம்?" என்றேன்.

பழைய ஆட்டக்காரர் சிரித்துவிட்டார். வக்கீல் சிரிக்கவில்லை. மேளத்தைப் பற்றிச் சொன்னேன். மேளத்தோடு வந்தால் ஒரு அர்த்தம், மேளம் இல்லாவிட்டால் இன்னொரு அர்த்தம் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. மாதேஸ்வரனைக் கூப்பிட்டார்கள். அவன் வெறும் மேஜையில் அடித்தான், மாமா 'உடு சாமி உடு' என்று சொன்னார். அப்புறம் அடியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதே சொல்லை நான் தனியாகச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது, உனக்கு அன்றைக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

போலீஸ்காரர் எதையும் நம்பிய மாதிரித் தெரியவில்லை. பழைய ஆண்டுகளின் வீடியோக்களைப் போட்டு, மேளத்தோடு நீ கோல் கிக் எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்கட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஊரில் மாமாவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். யாரும் நாளைக்கு மறைத்து மறைத்துப் பேச வேண்டியதில்லை என்றார்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

ஷாலினி

*

ஓமலூர்
23 மார்ச் 2025

அக்காவுக்கு,

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் எழுதினால்தான் எனக்குச் சொல்ல வருகிறது. தீர்ப்பின் நகல் உனக்கும் வந்திருக்கும். ஆட்டத்தை விற்றதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கு அடுத்த சீசன் பாதிவரை தடை. கம்பிக்குப் பக்கத்தில் நின்று கீப்பருக்குச் சொல்லிக்கொடுத்ததாக உனக்கு ஒரு வருஷம் எந்த மைதானத்திலும் நுழையக் கூடாது. சொல்லிக்கொடுத்தாயாம்.

கடைசி ஆட்டத்துக்கு அணியோடு உட்கார எனக்கு அனுமதி இல்லை. அதனால் டிக்கெட் எடுத்துக்கொண்டு தெற்கு கேலரிக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படியில் நான் உட்கார்ந்ததே இல்லை. கேட்டில் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் போட்டுவிட்டார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். செக்யூரிட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பானோ. உள்ளே போனால், ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு முகம் இல்லை. என் மேல் விழுந்த பழி நீங்கியது ஊருக்குத் தெரிந்திருக்கும், நாலு பேராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் கூட்டிவந்த காலேஜ் பையன்கள் கொஞ்சம் பேர் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு கேமராவுக்கு நேராக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். பழைய ரெக்கார்டு. எவனோ ஒருவன் பட்டனை அழுத்துகிறான் போலிருக்கிறது, எதிரணி கோல் போட்டபோதும் ஆரவாரம் வந்தது. நாற்காலியில் வெயில் சூடு இறங்கவே இல்லை. நம் பையன்கள் அங்கே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இருந்தது. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன், அக்கா. நானே பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மற்றவர்களை என்ன சொல்வது?

அணி போகிறது. ஓனர் வேறு ஊரில் மைதானம் பேசிவிட்டார். தடை முடிந்ததும் அங்கே வரச் சொல்லியிருக்கிறார். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஊர் நம்பியதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததை நம்பினார்கள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருந்துவிடலாம் என்று பல தடவை நினைத்தேன், முடியவில்லை. நீயும் நம்பினாயா? ஊர் சொன்னதற்காகச் சும்மா கோபத்தில் எழுதினாயா, இல்லை, நான் விற்றுவிட்டேன் என்று நிஜமாகவே நம்பினாயா?

குமரகுரு

*

ஜலகண்டாபுரம்
28 மார்ச் 2025

குமரா,

நம்பினேன்.

சுற்றி வளைத்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். ஆட்டம் முடிந்த அன்றைக்குப் பாதி நம்பினேன். சேலையைக் கட்டாதே என்று எழுதினாய் பார், அன்றைக்கு முழுக்க நம்பினேன். என் தம்பி திருடன் என்று நினைத்துக்கொண்டுதான் சோறு போட்டேன், தறிக்குப் போனேன், படுத்தேன். நினைத்து நினைத்து அழுதேன். உன் மேல் அவ்வளவு வெறுப்பு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். உன்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு என்னால் வாழ முடியும், ஆனால் என் வாயால் வந்த வினை என்று தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று எப்படி முடிவு செய்தாய்? அதைத் தீர்மானிக்க நீ யார்? முதல் கடிதத்திலேயே, "நீ கத்தினே, நான் தப்பா எடுத்துக்கிட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பி வந்திருப்பேன். அழுதிருப்பேன்தான். அதனால் செத்தா போயிருப்பேன்? நீ என்னவென்றால், நல்லதுக்கு என்று நினைத்து மறைத்து மறைத்து எழுதினாய். அக்காவை எங்கே நிறுத்த வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எதைக் கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டாய். எது உண்மை என்று மட்டும் சொல்லவில்லை. உங்கள் மேனேஜர் கேலரியை நடத்தியதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஊர்க்காரர்கள் ஒருவரும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். மாமா போய்க் கேட்டுப் பார்த்தார். உன் மேல் இப்போது யாருக்கும் கோபமில்லை. பையன் பாவம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தறியில் இருந்து பழகிவிட்டது, அவ்வளவுதான். கோபமாக இருந்தபோதாவது உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது பேச்சும் இல்லை. நானும் வெறும் கேலரிக்காரியாக இருந்திருந்தால் கமிட்டிக்கு வந்திருக்கமாட்டேன். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்திருப்பேன், கொஞ்ச நாளில் உன்னை மறந்தும் போயிருப்பேன்.

அந்த ஊருக்குப் போவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். போனால் ஆடு. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டுக்கு வா சாமி. மாமாவை வெளியே அனுப்பிவிடுகிறேன். திருடன் என்று நினைத்தாயே என்று என் முகத்துக்கு நேராக உன் ஆத்திரம் தீரத் திட்டு. நானும் திட்டுவேன். கடிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தால் இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருந்துவிடுவோம், எனக்கு அது வேண்டாம். திட்டி முடித்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

ஷாலினி